உமிழ்நீர் ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவா?

கேள்வி: எனக்கு 44 வயது. உயரம் 5 அடிக்குச் சற்றுக் குறைவு. எடை 46 கிலோ. என் கணவர் 6 அடி உயரமும் 80 கிலோவுக்கு மேல் எடையும் உள்ளவர். அண்மையில் ஒரு மரபணுப் பரிசோதனைக்காக இருவரும் உமிழ்நீர் கொடுக்க நேர்ந்தது. குழாயில் 2 மில்லிலிட்டர் கோடு வரை நிரப்ப வேண்டும். அவர் ஐந்தாறு நிமிடங்களில் முடித்துவிட்டார். எனக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆயிற்று. "பெண்களுக்கு, அதிலும் சின்ன உடம்புக்காரர்களுக்கு, எச்சில் குறைவாகத்தான் ஊறும்" என்று அங்கிருந்தவர் சொன்னார். இது உண்மையா? கடந்த 2 ஆண்டுகளில் எனக்கு 4 பற்களில் புதிதாகச் சொத்தை விழுந்திருப்பதற்கும் இதுதான் காரணமா? அப்படியானால், 15 வயதிலேயே 90 கிலோ இருக்கும் என் மகனுக்கு உமிழ்நீர் தாராளமாகச் சுரக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒற்றைத் தலைவலிக்காக 2 ஆண்டுகளாக இரவில் அமிட்ரிப்டிலின் மாத்திரை சாப்பிடுகிறேன். வேறு நோய் எதுவும் இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்களிடம் சொல்லப்பட்டது பாதி உண்மை. பெண்களுக்கு ஆண்களைவிடச் சராசரியாக உமிழ்நீர் குறைவாகச் சுரக்கிறது என்பதும், அதற்கு உடலளவோடு தொடர்பு உண்டு என்பதும் பல நாடுகளில் அளந்து பார்த்துக் கண்டறியப்பட்டவை. ஆனால் அந்தக் குறைவு எவ்வளவு என்று கணக்கிட்டால், உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிட வேறுபாட்டுக்குத்தான் அது காரணமாக முடியும். அரை மணி நேரத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே போவதற்கு முன், நீங்கள் கேட்ட கேள்விக்கே முறையாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

வாயில் ஊறும் உமிழ்நீரில் பெரும்பகுதி மூன்று இணைச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. காதுக்கு முன்னும் கீழும் கன்னத்தை ஒட்டியிருக்கும் பரோட்டிட் சுரப்பிதான் இவற்றுள் பெரியது. பொன்னுக்கு வீங்கி வரும்போது வீங்குவது இதுவே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 முதல் 30 கிராம் எடை இருக்கும். தாடை எலும்புக்கு உட்புறம் இருக்கும் கீழ்த்தாடைச் சுரப்பி அதில் பாதி அளவுதான். நாக்கின் அடியில் இருப்பது இன்னும் சிறியது. இவை தவிர உதடு, கன்னம், அண்ணம் ஆகியவற்றின் உட்பரப்பில் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் பரவிக் கிடக்கின்றன. எதையும் மெல்லாமல் சும்மா இருக்கும் நேரத்தில் ஊறும் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தருவது பெரிய பரோட்டிட் அல்ல, அதைவிடச் சிறிய கீழ்த்தாடைச் சுரப்பி. உணவை மெல்லத் தொடங்கியதும் பரோட்டிட் முன்னுக்கு வந்து பாதி அளவைத் தானே தருகிறது. எந்தச் சுரப்பி பெரிது என்பதும் எந்த நேரத்தில் எது உழைக்கிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை இது காட்டுகிறது.

சும்மா இருக்கும்போது ஆரோக்கியமான வயதுவந்தவருக்கு நிமிடத்துக்குச் சராசரியாக 0.3 முதல் 0.4 மில்லிலிட்டர் ஊறுகிறது. மெல்லும்போது அது 1 முதல் 3 மில்லிலிட்டராகிறது. கடும் புளிப்பை நாக்கில் வைத்தால் 7 வரைகூடப் போகும். தூக்கத்தில் ஏறத்தாழ நின்றே விடுகிறது. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் சுரக்கிறது என்று பாடநூல்கள் பலவற்றில் படித்திருப்பீர்கள்; விழித்திருக்கும் 16 மணி நேரத்தையும் அதற்குள் சாப்பிடும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையும் இந்த எண்களோடு பெருக்கிக் கூட்டினால், ஏறத்தாழ அரை லிட்டர்தான் வரும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் உமிழ்நீரைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த காலின் டாஸ் போன்றோரின் மதிப்பீடும் இந்த அளவை ஒட்டியதுதான்.

ஆண், பெண் வேறுபாட்டுக்கு வருவோம். 1983-இல் ஸ்வீடனில் 15 முதல் 74 வயது வரையிலான 629 பேரிடம் உமிழ்நீரை அளந்தபோது, சும்மா இருக்கும்போது ஊறுவதும் மெல்லும்போது ஊறுவதும் பெண்களிடம் குறைவாக இருந்தன. அமிலத்தைச் சமன்செய்யும் ஆற்றலும் சற்றுக் குறைவாகவே இருந்தது. பிற்கால ஆய்வுகள் பலவும் இதே திசையில்தான் காட்டுகின்றன. இதற்கு ஹார்மோன்தான் காரணம் என்று எவரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் 2006-இல் வெளிவந்த ஒரு ஜப்பானிய ஆய்வு, இளம் ஆண்கள், பெண்கள் இரு சாராரின் சுரப்பிகளையும் படமெடுத்து அளந்து, உமிழ்நீரின் அளவோடு ஒப்பிட்டது. பெண்களின் சுரப்பிகள் சிறியனவாக இருந்தன. சுரப்பியின் அளவு உடலின் அளவோடு இணைந்து போனது. உமிழ்நீர்க் குறைவும் பெருமளவு அந்தச் சிறிய சுரப்பியோடு பொருந்தியது. ஸ்வீடனைச் சேர்ந்த எரிக்சன் 1970-களின் தொடக்கத்திலேயே, பெரிய சுரப்பி உள்ளவர்களுக்குத் தூண்டிய நிலையில், அதாவது மெல்லும்போதோ புளிப்பு படும்போதோ, கூடுதலாகச் சுரக்கிறது என்று காட்டியிருந்தார். ஆக, பெண் என்பதனால் குறைவு என்று சொல்வதைவிட, பெண்களின் உடலும் அதனோடு சுரப்பியும் சராசரியாகச் சிறியவை என்பதனால் குறைவு என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது. குட்டையான ஆணும் நெட்டையான பெண்ணும் அருகருகே அமர்ந்து துப்பினால், குழாயை முதலில் நிரப்புவது அந்தப் பெண்ணாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

உடலளவையும் அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தைகளிடம் ஜப்பானில் அளந்தபோது, சும்மா இருக்கும் நிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.26 மில்லிலிட்டர், நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் என்று வந்தது. அந்த வயதுக் குழந்தையின் எடை 20 கிலோவைத் தொடுவதே அரிது. ஆயினும் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு எடையுள்ள பெரியவரின் அளவுக்கு அருகில் அதற்குச் சுரக்கிறது. எடைக்கு எடை விகிதத்தில் உமிழ்நீர் கூடுவதாக இருந்தால் இப்படி நேராது. சுரப்பியைக் கிணறு என்றால் நரம்பை மோட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். தூண்டிய நிலையில், அதாவது மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது, கிணற்றின் கொள்ளளவு தெரியவரும். சும்மா இருக்கும் நேரத்தில் எவ்வளவு வரும் என்பதைப் பெரும்பாலும் மோட்டாரின் வேகமே தீர்மானிக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு பெரிது. 1943-இல் அமெரிக்காவில் பெக்ஸ், வெய்ன்ரைட் என்ற இருவர் 661 ஆரோக்கியமானவர்களிடம் அளந்ததில், சும்மா இருக்கும்போது சராசரி 0.32 மில்லிலிட்டர், ஆனால் மிகக் குறைந்தது 0.008, மிக அதிகம் 1.85. இரு பாலாரின் சராசரிகளுக்கு இடையேயான இடைவெளி, இந்தப் பரப்புக்குள் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்குச் சிறியது.

இனி உங்கள் குழாய்க்கு வருகிறேன். உங்கள் கணவருக்கு நிமிடத்துக்கு 0.4 மில்லிலிட்டர் ஊறுகிறது என்று கொண்டால், 2 மில்லிலிட்டருக்கு 5 நிமிடம் ஆகும். அவர் சரியாக அந்த நேரத்தில்தான் முடித்திருக்கிறார். சிறிய உடலுள்ள பெண்ணுக்கு 0.3 அல்லது 0.25 என்று தாராளமாகவே குறைத்து வைத்தாலும், 7 அல்லது 8 நிமிடத்தில் குழாய் நிரம்பியிருக்க வேண்டும். 30 நிமிடம் ஆனது என்றால், நிமிடத்துக்கு 0.07 மில்லிலிட்டர்தான் வந்திருக்கிறது. சும்மா இருக்கும் நிலையில் 0.1 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் அதை உமிழ்நீர்க் குறைபாடு என்று நாங்கள் கணக்கில் எடுக்கிறோம்; இந்தக் கோடு ஆணுக்கும் பெண்ணுக்கும், நெட்டைக்கும் குட்டைக்கும் ஒன்றுதான். உமிழ்நீரைத் திரட்டித் துப்பும் முயற்சியே சற்றுத் தூண்டுதலாக அமையும் என்பதால், உங்கள் உண்மையான அளவு இதைவிடவும் குறைவாக இருக்கலாம். மாறாக, அன்று நீங்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கலாம், பதற்றமாக இருந்திருக்கலாம், நுரையை நீக்கிவிட்டு அளந்திருக்கலாம். ஒரே ஒரு முறை எடுத்த அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் "பெண் உடம்பு, சின்ன உடம்பு" என்று சொல்லி இதை மூடி வைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். வறண்ட வாயோடு வரும் பெண்களை இந்த ஒற்றை வாக்கியத்தோடு திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கள் தொழிலிலும் இருக்கிறது என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

நீங்கள் இரவில் சாப்பிடும் அமிட்ரிப்டிலின் ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்கு நெடுங்காலமாகப் பயன்படும் நல்ல மருந்துதான். ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நரம்பிலிருந்து வரும் ஆணையை எடுத்துச்செல்லும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரப்பியில் பற்ற வேண்டிய இடத்தை இது அடைத்துக்கொள்கிறது. ஆணை போய்ச் சேராததால் நல்ல சுரப்பியும் சும்மா கிடக்கிறது. வாய் வறட்சி இந்த மருந்தின் மிகப் பரவலான பக்க விளைவுகளில் ஒன்று. தூக்கத்தில் ஏற்கெனவே நின்றுபோகும் சுரப்பின் மேல் இரவு மாத்திரையின் விளைவும் சேர்ந்துகொள்வதால், விடியற்காலை நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்; தண்ணீருக்காக எழுந்திருப்பதும் நேரும். மாத்திரை தொடங்கி 2 ஆண்டு, சொத்தை தொடங்கி 2 ஆண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலம் ஒத்துப்போவது மட்டும் சான்றாகிவிடாது என்றாலும், இங்கே அதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

வறட்சி உணர்வைப் பற்றி டாஸ் 1987-இல் சொன்ன ஒரு செய்தியை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். ஒருவருக்கு வாய் வறண்டதாகத் தோன்றுவது, அவருடைய உமிழ்நீர் ஏதோ ஒரு பொது எண்ணுக்குக் கீழே போகும்போது அல்ல. அவருக்கு வழக்கமாக ஊறும் அளவில் ஏறத்தாழ பாதியாகக் குறையும்போது. எப்போதுமே 0.15 ஊறிக்கொண்டிருந்தவர் எந்தக் குறையும் இல்லாமல் வாழ்ந்துவிடலாம், 0.6 ஊறியவருக்கு அது 0.25 ஆகிவிட்டால், ஆய்வக அறிக்கை சரியென்று சொன்னாலும் அவர் தவித்துப் போவார். ஆதலால் உங்கள் கணவரோடு ஒப்பிடுவதைவிட, மாத்திரைக்கு முந்தைய உங்களோடு நீங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பொருத்தம். மூன்றாண்டுகளுக்கு முன் வறுத்த கடலையையோ பொரியையோ தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிந்ததா, இப்போது முடிகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

சொத்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விழுங்கிய பிறகும் வாயில் ஏறத்தாழ 0.8 மில்லிலிட்டர் உமிழ்நீர் தங்குகிறது. அதுதான் பற்கள் மீதும் உட்பரப்பு முழுவதிலும் 0.1 மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. புதிய நீர் ஊறி ஊறி அதை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் சர்க்கரையும் அமிலமும் கழுவிச் செல்லப்படும். ஊறும் வேகம் குறைந்தால் இனிப்புக் காப்பியின் மிச்சம் நெடுநேரம் பல்லின் மேலேயே நிற்கும். பல சமுதாயங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சொத்தைப் பற்கள் அதிகம் என்பது தெரிந்த செய்தி. அதற்கு உமிழ்நீர்க் குறைவையும் ஒரு காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் பெண் குழந்தைகளுக்கு நிலைப்பற்கள் முன்னதாக முளைப்பது, கர்ப்ப காலம், பல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவது என்று பிற காரணங்களும் இருக்கும்போது, நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டர் வேறுபாட்டின் மேல் முழுப் பழியையும் சுமத்துவது நியாயமில்லை. உங்களுக்கு வந்த சொத்தை எந்தப் பல்லில், எந்த இடத்தில் வந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைவாய்ப் பல்லின் குழிகளில் வருவது எவருக்கும் வரக்கூடியது. ஈறை ஒட்டிய வேர்ப்பகுதியிலோ, பல்லின் முனையிலோ, கீழ் முன்பற்களிலோ வந்திருந்தால் அது உமிழ்நீர்க் குறைவைக் காட்டும் அடையாளம். ஏனெனில் கீழ்த்தாடைச் சுரப்பியின் குழாய் நாக்கின் அடியில், கீழ் முன்பற்களுக்கு நேர் பின்னால்தான் திறக்கிறது, அந்தப் பற்களுக்குச் சொத்தை எளிதில் வராது.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் வீட்டிலேயே ஒரு முறை அளந்துகொள்ளலாம். காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் எதுவும் உண்ணாமல், பல் துலக்காமல், பாக்கு போடாமல் இருங்கள். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, தலையைச் சற்றுக் குனிந்து, முதலில் ஒரு முறை விழுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். அதன் பிறகு விழுங்காமலும் உறிஞ்சாமலும் ஊறுவதைச் சிறு கிண்ணத்தில் 15 நிமிடம் வழியவிடுங்கள். நுரை அடங்கியதும் ஊசியில்லாத 5 மில்லிலிட்டர் சிரிஞ்சில் இழுத்து அளவைப் பார்த்து, அதை 15 ஆல் வகுத்தால் போதும். 15 நிமிடத்தில் சேர்ந்தது மொத்தம் 1.5 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் கோட்டுக்குக் கீழே இருக்கிறீர்கள். அடுத்து, சர்க்கரை இல்லாத சூயிங்கத்தை 5 நிமிடம் மென்றபடி நிமிடத்துக்கு ஒரு முறை துப்பி அதையும் அளந்துகொள்ளுங்கள்; மெல்லும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ வந்தால் சுரப்பி உயிரோட்டத்தோடு இருக்கிறது, ஆணைதான் போகவில்லை என்று பொருள்; 0.5-க்கும் குறைந்தால் சுரப்பியையே சந்தேகிக்க வேண்டும். எலுமிச்சை ஊறுகாயை நினைத்துக்கொண்டு அமர்ந்தால் அளவு ஏறிவிடும் என்று பயப்பட வேண்டாம். மனிதருக்கு நினைப்பினால் மட்டும் கூடுவது மிகச் சிறிதே.

இந்த எண்களோடு, அமிட்ரிப்டிலின் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் செல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் தூக்கக் கேடும் குமட்டலும் வரலாம், தலைவலியும் திரும்பும். அளவைக் குறைப்பதா, ப்ராப்ரனலால் போன்ற வேறு வகைத் தடுப்பு மருந்துக்கு மாறுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ராப்ரனலால் ஆகாது என்பதால், அப்படி ஏதாவது முன்பு இருந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மாற்றம் நடக்கும் வரை பற்களைக் காக்க, இரவில் ஃபுளோரைடு பற்பசையால் துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்காமல் படுப்பது, இனிப்புப் பானங்களை உணவு நேரத்தோடு முடித்துக்கொள்வது, சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரையில்லாத சூயிங்கத்தைச் சற்று நேரம் மெல்வது ஆகியவை உதவும். வறட்சிக்காகப் புளிப்பு மிட்டாயை நாள் முழுதும் சப்பிக்கொண்டிருப்பது மட்டும் வேண்டாம். நீர் குறைந்த வாயில் அமிலம் பல்லை நேரடியாக அரிக்கும். உங்கள் பல் மருத்துவர் தேவையென்று கருதினால் ஃபுளோரைடு கூடுதலாக உள்ள பற்பசையை எழுதித் தருவார்.

மாத்திரையை மாற்றிய பின்னும் வறட்சி நீங்கவில்லை என்றாலோ, கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல், மூட்டு வலி, கன்னத்தின் பக்கம் அடிக்கடி வீக்கம் ஆகியவை சேர்ந்து வந்தாலோ, ஷோக்ரன் நோய்க்கான பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். 1933-இல் ஸ்வீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் விவரித்த இந்நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் தலைகாட்டும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை, கண்ணீர் அளவைச் சோதிக்கும் தாள், தேவைப்பட்டால் கீழுதட்டின் உட்புறச் சிறு சுரப்பியில் திசுச் சோதனை ஆகியவற்றால் இதை உறுதிசெய்யலாம். சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி வாய் வறட்சி இருப்பதாகப் பெண்கள் பலர் சொல்வதுண்டு. அவர்களுள் கணிசமானவர்களுக்கு அளந்து பார்த்தால் உமிழ்நீர் போதிய அளவே இருக்கும். உங்களிடம் அளவே குறைந்திருக்கும்போது வயதைக் காரணமாக்கி நிறுத்திக்கொள்ள வேண்டாம். உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கு மூப்பினால் மட்டும் பரோட்டிட்டின் தூண்டிய சுரப்பு குறைவதில்லை என்று அமெரிக்காவில் புரூஸ் பாம் 1981-இலேயே காட்டிவிட்டார்.

உங்கள் மகனைப் பற்றிய கேள்விக்கு என் பதில், எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே. உடலளவு பெரிதானால் சுரப்பியும் பெரிது என்று நான் மேலே சொன்னது உயரத்தோடும் எலும்பு, தசைக் கட்டோடும் வளரும் அளவைப் பற்றியது. கொழுப்பினால் ஏறிய எடைக்கு அது பொருந்தாது. பரோட்டிட் சுரப்பியில் இயல்பாகவே கொழுப்பு கலந்திருக்கும். எடை கூடும்போது அந்தக் கொழுப்பும் கூடுவதால் சுரப்பி பார்வைக்குப் பருத்திருக்கும், நீர் சுரக்கும் திசு அதற்கேற்பக் கூடியிருக்காது. 2010-இல் ஸ்வீடனில் உடற்பருமன் உள்ள பதின்வயதினரையும் இயல்பான எடையுள்ளவர்களையும் ஒப்பிட்டபோது, மெல்லும்போது ஊறிய உமிழ்நீர் பருமனானவர்களுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.2 மில்லிலிட்டராகவும் மற்றவர்களுக்கு 2 மில்லிலிட்டராகவும் இருந்தது. சொத்தையும் அவர்களிடமே அதிகம். கொழுப்புத் திசுவிலிருந்து வரும் அழற்சிப் பொருள்கள் சுரப்பியின் வேலையைக் கெடுப்பதால் இப்படி ஆகிறது என்று கருதப்படுகிறது. ஆகவே உங்கள் பல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மகனையும் அழைத்துச் சென்று, அவன் பற்களையும் உமிழ்நீரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவன் வாயைத் திறந்தபடி தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா என்பதையும் கவனித்துச் சொன்னால் அவருக்கு உதவியாக இருக்கும்.